கண்ணுக்கு இடலாம்

உலர்ந்த செடிகளும் மத்தியானத்தில் புரண்டு படுக்கும் என்று பசையக்கா சொல்வார். நம்பிச் சொல்வதில்லை. இரண்டு மணிக்கு மேல் அந்த நீள அறையின் மேல்சன்னல் வழியே வெயில் இறங்கி மேசைக்கு மேசை ஊர்ந்து வரும்போது, மர அலமாரிகளில் அடுக்கிய தாள்கள் சூட்டில் விரிந்து மெல்லச் சரசரக்கும். காகிதத்தின் ஓசைதான் அது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கையிலிருக்கும் தூரிகையை நிறுத்தி, "புரளுதுங்க" என்பார். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஊர் முடியும் இடத்தில் இருந்தது அந்தச் செடிக் காப்பகம். பின்சுவருக்கு அப்பால் மணல். கண் எட்டிய மட்டும் மணல். அந்தப் பாலையில் முளைப்பவற்றை ஆராய்ச்சியாளர்கள் பறித்து வருவார்கள். அவற்றை அழுத்தி உலர்த்தி, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, எண் போட்டு அடுக்கி வைக்க வேண்டும். நூறு வருடம் கழித்து ஒருவர் வந்து, அந்த மணலில் அன்றைக்கு என்ன பூத்தது என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக.

ஒட்டுவது பசையக்காவின் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். காலையில் வந்ததும் மின்னடுப்பில் மாவைக் கரைத்துக் காய்ச்சுவார். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். கஞ்சி லேசாக நீலம் பாரிக்கும். ஆபீஸ் கஞ்சியின் பதம் வீட்டுக் கஞ்சியில் வருவதில்லை என்று கணவர் குறைப்பட்டால், வீட்டிலும் துத்தம் போடட்டுமா என்று கேட்பார். ஒரே கொத்தில் ஒரு பூவை மலர்த்தியும் ஒரு பூவைக் கவிழ்த்தும் ஒட்ட வேண்டும், இரண்டு பக்கமும் தெரிவதற்காக. உதிர்ந்த இதழையும் விதையையும், செடியைப் பறித்தவர் அந்த இடத்திலேயே கிறுக்கிய துண்டுச் சீட்டையும் சின்ன உறையில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்ட வேண்டும். அந்தக் கிறுக்கலைப் பார்த்து நான்கு விரல் அகலமுள்ள விவரச் சீட்டில் திருத்தமாக எழுதுவதும் அவர்தான்.

அவர் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது.' எழுதியது தவறென்று பின்னால் தெரிந்தாலும் அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். சில தாள்களில் மூன்று நான்கு சீட்டுகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். பசையக்காவுக்கு அந்தத் தாள்கள்தான் பிடிக்கும். தான் முன்பு சொன்னது தப்பு என்று அதே பக்கத்தில் ஒப்புக்கொள்ளும் புத்தகங்கள் உலகத்தில் அதிகமில்லை. ஒப்புக்கொள்ளாத புத்தகங்களுக்காக மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதுதான் அதிகம்.

ஆனால் அந்த நேர்மையிலும் ஓர் ஓட்டை இருந்தது. தாளில் செடியைப் பறித்தவர் பெயர் இருக்கும், அது இன்ன செடி என்று சொன்னவர் பெயர் இருக்கும், காப்பாளரின் முத்திரை இருக்கும். இருபத்தாறு வருடத்தில் பசையக்கா ஒட்டிய பதினோராயிரம் தாள்களில் ஒன்றிலும் ஒட்டியவர் பெயர் கிடையாது. அச்சடித்த சீட்டில் அதற்குக் கோடே போடவில்லை.

கணவர் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பாலையைக் குறுக்கே கடக்கும் நீளத் தடத்தில் முப்பது வருடம் ஓட்டியவர். ஒரு நாள் டெப்போ வாசல் தூணில் பஸ்ஸின் இடது தோளை இடித்தார். அடுத்த மாதம் இன்னொரு முறை. கண் டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து, ஆயுள் முழுக்க. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். டெப்போவில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். எந்த பஸ் எந்த மேடையில் என்று கூவும் வேலை. தன் பழைய பஸ் கிளம்பும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும் என்று டெப்போவில் கேலி செய்வார்கள்.

ஆஸ்பத்திரி மருந்து அவரிடம் உண்மை பேசியது. அது ஒன்றுதான் அதன் குற்றம்.

அந்த வருடம் மழை வந்தது. பதினான்கு வருடமாகப் பெய்யாத மழை, மூன்று நாள் ஓயாமல். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் நாள் மணலில் பொறுத்தபூ பூத்தது. ஆடு மேய்ப்பவர்கள் வைத்த பெயர் அது. விதை அத்தனை வருடமும் மணலுக்குள் பொறுத்துக் கிடக்கும். நனைந்த பிறகும் உடனே நம்பாது. இரண்டாம் நாள் மழை, மூன்றாம் நாள் மழை பார்த்துத்தான் வெளியே வரும். வெளிறிய ஊதாவில் ஐந்து இதழ், நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். ஒன்பது நாள், அவ்வளவுதான்.

இருவரும் காலை முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். அவர் பயணியாக, முன்சீட்டில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இறங்கி நின்ற இடத்தில் மணலைக் காணவில்லை. தரை முழுக்க ஊதாப் புகை படிந்ததுபோல் இருந்தது. காற்று வந்தால் புகை நகர்ந்தது. எங்கே பூ முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. இவர்கள் நடந்த சத்தம்கூட மணலுக்குள் இறங்கிவிட்டது. அவருக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் ஒரு வட்டம்தான் தெரியும். பசையக்கா அவர் மோவாயைப் பிடித்து, தாளில் ஒட்டும் கொம்பைத் திருப்புவதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லத் திருப்பிக் காட்டினார். அவர், "பதினாலு வருஷம் கழிச்சு இதுக்குத் திரும்பி வர முடியுது, பாரேன் கண்ணு" என்றார். கண்ணு என்றுதான் அவர் மனைவியை அழைப்பது.

அந்த வாக்கியத்தின் உள்ளே என்ன இருந்தது என்பது அன்றைக்குப் பசையக்காவுக்குப் புரியவில்லை.

புரிந்தது இரண்டு மாதம் கழித்து. குளியலறை அலமாரியில் இருந்த ஆஸ்பத்திரி சொட்டு மருந்து, முந்தின மாதம் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் இருந்தது. பக்கத்தில் வேறொரு குப்பி. அட்டைப்பெட்டியில் பூவின் படம். 'மணல்விழித் தைலம்' என்ற பெயர். ஊருக்குள் நாட்டு மருந்து விற்கும் வேர்க்கடை வைத்திருப்பவரின் சரக்கு. பொறுத்தபூ பூத்த ஒன்பது நாளும் அவர் ஆட்களை விட்டு வேரோடு வாரியிருந்தார். இப்போது பூவுக்குப் புதுப் பெயரும் வைத்துவிட்டார். குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தது நாத்தனார். கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பூவே கண்ணு மாதிரிதானே அண்ணி இருக்கு? இயற்கையே காட்டிக் குடுக்குது."

"நிலா தோசைக்கல்லு மாதிரி இருக்கு. அதுல மாவு ஊத்துவியா?"

"உங்களுக்கு எதுவுமே நக்கல்தான். பெட்டியைத் திருப்பிப் பாருங்க. உங்க ஆபீஸ்லயே எழுதி வெச்சிருக்காங்களாம்."

பசையக்கா திருப்பினார். 'செடிக் காப்பகத் தாள் எண் 4117: கண்ணுக்கு இடலாம்' என்று அச்சாகியிருந்தது.

கணவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாகத் தைலம்தான் போடுகிறார், ஆஸ்பத்திரி மருந்தைத் தொடவில்லை. அதையும் அவரே சொன்னார். கொஞ்ச நாளாக ஓரத்தில் ஏதோ வெளிச்சம் தெரிவதுபோல் இருக்கிறதாம். தெரிகிறதா, தெரிவதுபோல் இருக்கிறதா என்று கேட்டார் பசையக்கா. அவர், "வேற யாரு சொன்னாலும் நம்பமாட்டேன். உன் ஆபீஸ்ல பொய் எழுதமாட்டீங்கன்னு நீதானே சொல்லுவே" என்றார்.

மறுநாள் காலை பசையக்கா மாவைக்கூடக் கரைக்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய் 4117ஐ எடுத்தார். இரண்டு மாதம் முன்பு அதே தாளை வேர்க்கடைக்காரர் பார்க்க வந்தபோதும் எடுத்துக் கொடுத்தது அவர்தான். மேலட்டையைத் திறக்காமலே கொடுத்திருந்தார். இப்போது திறந்தார். ஒரு பூ மலர்ந்தும் ஒரு பூ கவிழ்ந்தும் கிடந்தன. ஊதா முழுக்கப் போய்ப் பழுப்பாகியிருந்தது. கறுப்புப் பொட்டு மட்டும் மாறவில்லை. விவரச் சீட்டில் 'பயன்: கண்ணுக்கு இடலாம்' என்று இருந்தது. கையெழுத்து அவருடையது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய, இன்னும் உருண்டையான, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக் கையெழுத்து.

மூலையிலிருந்த உறையைத் திறந்து துண்டுச் சீட்டை எடுத்தார். அதன் நடுவில் ஒரு நீர்க்கறை. கறைக்கு மேலே, 'ஆட்டுக்காரர் ஒருவர் சொன்னது.' கறைக்குள் ஓர் எழுத்து கரைந்து போயிருந்தது. அதற்கு அடுத்து '...ண்ணுக்கு இடலாம்.' கடைசியில், 'சோதிக்கவில்லை.'

பறித்தவர் இறந்து பல வருடமாகிவிட்டது. அவருடைய குறிப்பேடுகள் பின்னறை இரும்புப் பெட்டியில் இருந்தன. எண்ணைத் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கே கறை இல்லை. 'உலர்த்திப் பொடித்துப் புண்ணுக்கு இடலாம் என்று ஆட்டுக்காரர் ஒருவர் சொன்னார். நான் சோதிக்கவில்லை.'

பசையக்கா பெட்டியின் மூடிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அழிந்த எழுத்தின் இடத்தில் 'க'வைப் போட்டது எது என்று அவருக்கு உடனே தெரிந்தது. அந்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இளம் டிரைவர் ஒருவர் தினமும் காலையில் காப்பகத்து நிறுத்தத்தில் பஸ்ஸை அரை நிமிடம் கூடுதலாக நிறுத்தி, டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிய கடிதத்தைச் சன்னல் வழியே நீட்டுவார். இரண்டே வரி. எல்லாம் 'கண்ணுக்கு' என்றுதான் தொடங்கும். மேசை இழுப்பறையில் அந்த டிக்கெட்டுகளை வைத்துக்கொண்டு, மேசைமேல் இந்தச் சீட்டைப் படித்தவள் '...ண்ணுக்கு' என்பதை வேறு எப்படிப் படிப்பாள்? உலகத்தில் அப்போது புண் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அந்தப் பிழையை மன்னிக்கலாம். மற்றதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. 'சொன்னது', 'சோதிக்கவில்லை' என்ற இரண்டு சொற்களும் தெளிவாகத்தான் இருந்தன. அவற்றை ஏன் விட்டார்? சீட்டு நான்கு விரல் அகலம். இடமில்லை. யாரோ ஒருவர் காதில் வாங்கிய சேதி, இடமில்லாத காரணத்தால் உண்மையாகிவிட்டது. உலகத்தில் பாதி உண்மைகள் இப்படித்தான் உண்டாகியிருக்கும்.

காப்பாளர் நல்ல மனிதர். தலைவலி பிடிக்காத நல்ல மனிதர். குறிப்பேட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காப்பகம் வெளியிட்ட பாலைச் செடிகள் புத்தகத்திலும் இதே வரி ஏறியிருக்கிறது என்றார். அதை எழுதியவர்கள் பெரிய பெரிய ஆட்கள் என்றார். இருபத்தாறு வருடம் யாரும் கேட்காததை நாமே ஏன் கிளற வேண்டும் என்றார். அப்படியும் பசையக்கா எழுந்து போகாததைக் கண்டு, தலைமையகத்துக்கு எழுதலாம், மூன்று மாதத்தில் பதில் வரும் என்றார். ஐந்து வாரத்திலேயே எவ்வளவு பார்வை போயிருக்குமோ என்று தெரியாத பெண்ணிடம் மூன்று மாதம் என்றார்.

"இன்னைக்கே ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிடலாம் சார்."

"அதுல அதிகாரி கையெழுத்துப் போடணும்மா. ஒட்டறவங்க போடறதுக்கு வழி இல்ல."

"தப்பா எழுதும்போது நீ அதிகாரியான்னு யாரும் கேக்கலியே சார். திருத்தறதுக்கு மட்டும் கேக்கணுமா?"

காப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு கோப்பைத் திறந்தார். மறுப்பதற்கு அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி அதுதான்.

பசையக்கா தன் மேசைக்கு வந்தார். மாவைக் கரைத்தார், காய்ச்சினார், ஆறவிட்டார். அவசரப்படவில்லை, அவசரப் பசை ஆறு மாதத்தில் உரியும். வெள்ளைச் சீட்டு ஒன்றை வெட்டினார், இந்த முறை ஆறு விரல் அகலத்துக்கு. எழுதினார்: 'கண் அல்ல, புண். அதுவும் ஓர் ஆட்டுக்காரர் சொன்னதாகக் கேள்வி. கண்ணுக்கோ புண்ணுக்கோ யாரும் சோதித்ததில்லை. பிழை என்னுடையது.' தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். அதன் கீழே 'ஒட்டியவர்' என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூவுக்குப் பக்கத்தில் ஒட்டி, பஞ்சு ஒற்றி, மேலே எடைக்கல்லை வைத்தார். வெயில் அந்த மேசைக்கு வந்திருந்தது. அலமாரிகளில் தாள்கள் புரண்டன.

சாயங்காலம் காப்பாளர் அந்தப் பக்கம் வந்தபோது பசை காய்ந்திருந்தது. படித்தார். முகம் சிவந்தது. பிரித்து எடுக்கச் சொன்னார். பசையக்கா தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தார். காப்பாளரும் பார்த்தார். அதன் அடியில் இருந்த கையெழுத்து காப்பாளருடையது.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கணவருக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார்: கறை, அழிந்த எழுத்து, டிக்கெட்டுகள், நான்கு விரல் சீட்டு. அவர் தைலக் குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான் கண்ணுன்னு எழுதினதாலதான் இவ்வளவு வினையும்?"

"எழுதினது நான். உங்க மேல போடல."

"இத்தனை வருஷமாக் கண்ணுன்னு நெனச்சுட்டு இருந்தேன். புண்ணுன்னு இப்பத்தான் சொல்றே."

பசையக்கா சிரிக்கப் போய் அழுதார். அவர் அவசரமாக, விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்றார். பிறகு குப்பியை மேசைமேல் வைக்க நீட்டினார். மேசை விளிம்பு தெரியாமல் காற்றில் வைத்தார். அது கீழே விழுந்து உடைந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப ஓட்டலாம்னு நெனச்சேன்" என்றார் அவர். "அது திரும்பி வந்துச்சே, கண்ணு."

"அது போகவே இல்லீங்க. விதையா உள்ளேயே இருந்துச்சு. போனது வேற, இருக்கறது வேற. இருக்கறதைப் பார்ப்போம்."

மறுநாள் டாக்டர் அம்மா கருவியில் அவர் தலையை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஐந்து வாரத்தில் இடது கண்ணில் இன்னொரு கீற்று போயிருந்தது. வலது கண் தப்பியது. யாரையும் திட்டாமல், இந்த மாதம் சிவந்த கண்களோடு மூன்று பேர் அந்தத் தைலத்தால் வந்ததாகச் சொன்னார். திருத்தச் சீட்டுக்கு நகல் இருக்கிறதா என்று கேட்டார். அன்று மாலையே அது கண் பிரிவு வாசலில், நோயாளிகள் வரிசை நிற்கும் இடத்தில் ஒட்டப்பட்டது. பசையக்காவின் கையெழுத்தை ஊர் முதல்முறை பார்த்தது அங்கேதான். மேல்மூலையில் பசை சரியாக இல்லை என்று அவர் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் மறுபடி ஒட்டினார்.

வேர்க்கடைக்கும் ஒரு நகலோடு போனார். வேர்க்கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். படித்தார். கோபப்படவே இல்லை.

"அதுக்கென்னம்மா. கண்ணை அடிச்சுட்டுப் புண்ணுன்னு போட்டுட்டாப் போச்சு."

"அதையும் யாரும் சோதிக்கலைன்னு எழுதியிருக்கே."

"அதெல்லாம் போட பெட்டியில ஏதும்மா இடம்?"

பசையக்காவுக்குத் தன் குரலையே அடுத்தவர் வாயிலிருந்து கேட்டதுபோல் இருந்தது. எழுந்து வந்துவிட்டார். அடுத்த வாரம் அதே தைலம், அதே படம், 'புண்ணுக்கு இடலாம்' என்று விற்பனைக்கு வந்தது. பசையக்கா காப்பகத்திலிருந்த மற்றத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, தான் இடமில்லையென்று விட்ட 'சொன்னார்'களைத் தேடத் தொடங்கினார். பதினோராயிரம் தாள். ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கிறது. காப்பாளர் ஏனென்று கேட்கவில்லை, ஆனால் புதிதாக அச்சாகி வந்த விவரச் சீட்டுகள் ஆறு விரல் அகலத்தில் இருந்தன. அடியில் ஒட்டியவருக்கென்று ஒரு கோடு கூடியிருந்தது.

அந்தச் சீட்டுகள் வந்த நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மூடிக்குள் ஒரு பஸ் டிக்கெட் மடித்து வைத்திருந்தது. பின்பக்கத்தில் பெரிய பெரிய கோணல் எழுத்துகள். மூடிமேல் வைத்து எழுதும்போது டிக்கெட்டின் ஓரம் தெரியாததால் கடைசிச் சொல்லின் வால் டிக்கெட்டில் இல்லை, டப்பா மூடியில் இருந்தது.

'புண்ணுக்கு. காலைச் சொட்டு போட்டாச்சு.'

மூடியைக் கழுவாமல் எடுத்து வைத்தார். உதிர்ந்த இதழ்களுக்கென்று வைத்திருந்த சின்ன உறைகளில் ஒன்றை எடுத்து டிக்கெட்டை அதில் போட்டார். வாயை ஒட்டவில்லை. ஒட்டினால் பிரிக்க முடியாது. நாளைக்கு இன்னொன்று வர வேண்டும்.